இருக்கும் புத்தகங்களை வைத்தே வாசிப்புச் சவாலை முடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 24 தலைப்புகள் கொண்ட வாசிப்புச் சவால் ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள்; ‘கடல்’, ‘மொழிபெயர்ப்பு’ என்று கொடுத்திருக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் பொருந்தும் ஒரு புத்தகத்தை வருடத்துக்குள் படிக்க வேண்டும். புத்தகக் காட்சிதோறும் பை நிறைய வாங்கி வந்து, பிரிக்காமலே அடுக்கி வைத்த புத்தகங்கள் வீட்டில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. இந்த வருடம் ஒன்றுகூட வாங்குவதில்லை, இருப்பதை வைத்தே முடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று. ஆனால் பத்துத் தலைப்பு தாண்டுவதற்குள் பட்டியல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவரை எந்தத் தலைப்புக்கு எந்தப் புத்தகம் என்று போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே புத்தகத்தை இரண்டு தலைப்புக்குக் கணக்குக் காட்டலாமா, புத்தகமே இல்லாத தலைப்பை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ, அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று படுகிறது: என் அலமாரியில் என்னதான் இருக்கிறது என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பொது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலான வருடங்கள் நூற்பகுப்பும் பட்டியல் தயாரிப்பும்தான் என் மேசை. அதனால் இந்தப் பதில் ஒரு பட்டியல்காரனின் பதில். இலக்கிய விமர்சகர் ஒருவர் எழுதினால் வேறு மாதிரி எழுதுவார். சுருக்கமாகச் சொன்னால், முடியும். நூறு புத்தகத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு 24 தலைப்பில் குறைந்தது இருபது தேறிவிடும் என்பது என் அனுபவக் கணிப்பு. மிச்சம் இருக்கும் சிலவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் தடுமாறுவது தேடும் திசையில். தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் போய் நிற்கிறீர்கள். ‘கடல்’ என்று நினைத்ததும் ‘செம்மீன்’ கண்ணில் படுகிறது, எடுத்துவிடுகிறீர்கள். இப்படி நிற்கும்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதே பதினைந்து இருபது புத்தகங்கள்தான். பேர் போனவை, போன மாதம் வாங்கியவை, முதுகு அட்டை பளிச்சென்று இருப்பவை. பின் வரிசையில் ஒளிந்திருப்பவை கணக்கிலேயே வருவதில்லை. நூலகத்தில் வாசகர் வந்து ‘மீனவர் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால், நாங்கள் அலமாரிக்கு ஓடமாட்டோம், பட்டியலுக்குத்தான் போவோம். உங்கள் வீட்டில் அந்தப் பட்டியல் இல்லை. அதைப் போடுங்கள். புத்தகத்திலிருந்து தலைப்புக்கு வாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சீர்காழிக்காரர் ஒருவரின் சிந்தனை. எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ‘ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர்’ என்பது 1931-ல் அவர் எழுதி வைத்த ஐந்து விதிகளில் மூன்றாவது. அலமாரியில் கிடக்கும் படிக்காத புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஆனால் இங்கே நமக்குப் பயன்படுவது 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஒரு முறை. அதுவரை வழக்கத்தில் இருந்த முறைகளில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பெட்டி. எந்தப் பெட்டியில் போடுவது என்பதுதான் வேலை. அவரோ ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்தார்: எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, அதில் என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். அதே சில துண்டுகளைப் பூட்டியும் கழற்றியும் விதவிதமான பொம்மை செய்யலாமே, நூலின் பொருளுக்கும் அப்படித் துண்டுகள் இருக்கலாமே என்று.

உங்கள் சவாலின் தலைப்புகளும் முகங்கள்தான். ‘கடல்’ என்பது இடம். ‘1970-களில் வெளிவந்தது’ என்பது காலம். ‘மொழிபெயர்ப்பு’ என்பது நூலின் பிறப்பு. ‘500 பக்கத்துக்கு மேல்’ என்பது வெறும் உடம்பு. ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் நாலைந்து தலைப்புக்குப் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்குங்கள். அலமாரியில் வைத்தபடியே குறிப்பெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்; கை எட்டாத பின் வரிசை விடுபட்டுப்போகும். (இறக்கும் சாக்கில் வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். தூசி தட்டுவதற்குத் துணி ஈரமாக இருக்கக் கூடாது.) ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி. ஆசிரியர், ஆணா பெண்ணா, மூலமொழி, முதன்முதலில் வெளிவந்த வருடம், கதை நடக்கும் ஊர், கதை நடக்கும் காலம், வடிவம், பக்கம், பரிசு ஏதும் உண்டா. நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ, கை பழகியதில் எழுதுங்கள். முதல் பத்துப் புத்தகத்துக்கு நேரம் பிடிக்கும், அப்புறம் கை ஓட ஆரம்பித்துவிடும். தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டால் ஞாயிறு போய்விடும்.

இதில் பெரும்பாலானவர்கள் வழுக்குவது வருடத்தில். தமிழ்ப் புத்தகத்தில் உள்பக்கத்தைத் திருப்பினால் ‘முதற்பதிப்பு: டிசம்பர் 2006’ என்று இருக்கும். அது அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு. நூல் உலகத்துக்கு முதன்முதலாக வந்த வருடமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல் வந்தது. இப்போது கடையில் வாங்கும் பிரதியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பல வருடம் கழித்த ஒரு தேதியாக இருக்கும். கல்கி, புதுமைப்பித்தன் போல நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு ‘முதற்பதிப்பு’ உண்டு. அந்த வரியை நம்பிப் புதுமைப்பித்தனை 21-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆக்கிவிடாதீர்கள். அவர் 1948-லேயே காலமாகிவிட்டார். நம்பகமான இடம் ஆசிரியரின் முன்னுரை. அதன் கடைசியில் இடது ஓரத்தில் ஊரும் தேதியும் சின்ன எழுத்தில் இருக்கும். ‘இரண்டாம் பதிப்பின் முன்னுரை’ என்று தனியாக இருந்தால் அதையும் பாருங்கள். இந்த இரண்டிலும் கிடைக்காவிட்டால் நூலகப் பட்டியல்களில் மிகப் பழைய பதிவைத் தேடுங்கள்.

தொடராக வந்த நூல்களில் இரண்டு வருடம் வரும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940-லிருந்து 1942 வரை வந்தது. அவர் காலமானதால் பாதியில் நின்றது. புத்தகமானது 1950-ல். ‘1940-களில் வந்த எழுத்து’ என்று தலைப்பு இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், ‘1940-களில் வந்த நூல்’ என்றால் சேராது என்பது என் கட்சி. வேறு நூலகர் ஒருவர் இதை மறுக்கலாம், சண்டை போடமாட்டேன். மொழிபெயர்ப்புக்கும் இதே பாடு. தகழியின் ‘செம்மீன்’ மலையாளத்தில் 1956; சுந்தர ராமசாமியின் தமிழ் அதற்குப் பின்னால் வந்தது. எந்த வருடத்தை எடுப்பதென்று ஒருமுறை முடிவு செய்து, கடைசிவரை அதையே கடைப்பிடித்தால் போதும்.

பரிசு என்ற தலைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. சாகித்திய அகாதெமி விருது குறிப்பிட்ட நூலுக்குத் தரப்படுவது. கி. ராஜநாராயணனுக்கு 1991-ல் கிடைத்தது ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு. ‘கோபல்ல கிராமம்’ வைத்திருப்பவர்கள் அதையே காட்டிவிடுகிறார்கள். அசோகமித்திரனுக்கு 1996-ல் கிடைத்தது ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்கு. ‘18-வது அட்சக்கோடு’ எவ்வளவு பெரிய நாவல் ஆனாலும் அதற்கு இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் ‘செம்மீன்’ 1957-ல் மலையாளத்துக்கான விருதைப் பெற்றது. தமிழில் படித்தாலும் அது விருது பெற்ற நாவல்தான்.

இன்னொன்று. குறிப்பெடுக்கிறேன் என்று அணிந்துரையைப் படித்துவிடாதீர்கள். நம் ஊர் அணிந்துரைக்காரர்களுக்குக் கடைசி அத்தியாயம்வரை கதையைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பின் அட்டையும் முன்னுரையின் தேதியும் போதும்.

பட்டியல் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி ஒட்டவைக்கும் வேலை. ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரில், பொருந்தக்கூடிய எல்லாப் புத்தகங்களையும் எழுதுங்கள். இப்போதைக்கு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் எந்தத் தலைப்புக்கு ஆள் குறைவு என்று பாருங்கள். அதை முதலில் நிரப்புங்கள். நீங்கள் குறிப்பிட்ட புத்தகங்களையே எடுத்துக்கொள்கிறேன். ‘நூலின் பெயரில் ஒரு நிறம்’ என்பதற்கு உங்களிடம் அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ ஒன்றுதான். அதே நூல் 2021-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நீங்கள் அதை ‘விருது’க்குப் போட்டிருக்கிறீர்கள். விருதுக்குத்தான் ‘கோபல்லபுரத்து மக்கள்’ காத்திருக்கிறதே! அதை அங்கே போட்டுவிட்டு அம்பையை நிறத்துக்கு மாற்றுங்கள். ஒரு முட்டு அவிழ்ந்துவிட்டது.

இதைவிடச் சிக்கலானது நீங்கள் காலியாக விட்டிருக்கும் ‘ஒரு நகரத்தின் கதை’. உங்கள் பட்டியலில் நகர நாவல் என்று சொல்லக்கூடியது ‘18-வது அட்சக்கோடு’ மட்டும்தான். சிகந்தராபாத்–ஹைதராபாத், நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள். 1977-ல் வந்ததால் அதை ‘1970-கள்’ தலைப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதை நகரத்துக்கு மாற்றினால் 1970-கள் காலியாகும். அங்கே ‘புயலிலே ஒரு தோணி’யைப் போடலாம், ஆனால் அது மெடானிலும் பினாங்கிலும் நடப்பதால் ‘இந்தியாவுக்கு வெளியே’ என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. எழுப்புங்கள். அந்த இடத்துக்கு ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ வரட்டும், அது ரஷ்யா. ‘தாய்’ இதுவரை பிடித்து வைத்திருந்த ‘மொழிபெயர்ப்பு’க்கு ‘செம்மீன்’ வரட்டும். ‘செம்மீன்’ விட்டுப்போன ‘கடல்’ இப்போது காலி. அதற்குத்தான் யாரும் தொடாமல் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ கிடக்கிறதே. நாலு புத்தகம் இடம் மாறியது, ஐந்தாவதாக ஒன்று உள்ளே வந்தது, ஒரு தலைப்பு நிரம்பியது. ஒரு ரூபாய் செலவில்லை.

இந்தச் சங்கிலி வேலைதான் முழு ரகசியமும். காலியான தலைப்பில் தொடங்கி, ஒவ்வொருவரையாக நகர்த்திக்கொண்டே போய், யாரும் எடுக்காத ஒரு புத்தகத்தில் முடிய வேண்டும். முடிந்தால் வெற்றி. எந்த வழியில் போனாலும் அப்படி ஒரு புத்தகம் அகப்படவில்லை என்றால், இருப்பதை வைத்து அத்தனை தலைப்பையும் நிரப்ப முடியாது என்பது நிச்சயம். இதில் என் அபிப்பிராயம் எதுவும் கலக்கவில்லை. பிலிப் ஹால் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1935-லேயே இதை நிறுவிவிட்டார். ஏதாவது சில தலைப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அவற்றுக்குப் பொருந்தும் புத்தகங்களின் எண்ணிக்கை தலைப்புகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் பொருத்தம் நடக்காது. எங்கேயும் குறையவில்லை என்றால் நடந்தே தீரும். உங்களிடமே அப்படி ஓர் இடம் தென்படுகிறது. ‘பெண் எழுதிய தன்வரலாறு’, ‘தலித் எழுத்து’ என்ற இரண்டு தலைப்புக்கும் சேர்த்து நீங்கள் காட்டியிருப்பது பாமாவின் ‘கருக்கு’ ஒன்றே ஒன்று. எத்தனை முறை மாற்றி மாற்றிப் போட்டாலும் ஒன்று இரண்டாகாது. மீதிப் புத்தகங்களில் வேறொன்று அகப்படாவிட்டால், வெளியிலிருந்து ஒரு நூல் வந்துதான் ஆக வேண்டும். ராத்திரி முழுக்கப் பட்டியலோடு மல்லுக்கட்டாமல், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி நிச்சயமில்லாத பகுதிக்கு வருகிறேன். ஒரே புத்தகத்தை இரண்டு தலைப்புக்குக் காட்டலாமா? சவால் நடத்துபவர் விதியில் எழுதியிருந்தால் அதுதான் முடிவு. எழுதவில்லை என்றால், கூடாது என்பேன். அனுமதித்துவிட்டால் ‘செம்மீன்’ ஒன்றே கடல், மொழிபெயர்ப்பு, விருது, உழைப்பாளர் வாழ்க்கை என்று நாலு தலைப்பை விழுங்கிவிடும். சவால் சுலபமாக முடியும், ஆனால் பின் வரிசைப் புத்தகங்கள் பின் வரிசையிலேயே கிடக்கும். வாங்கியதைப் படிக்க வேண்டும் என்பதற்குத்தானே இதில் இறங்கினீர்கள். மேலே சொன்ன ‘கருக்கு’ போல முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தில் மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொள்ளலாம். அதையும் வருடத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் விதி எழுதினால் அது நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

பாகங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். அதை ‘பெரிய புத்தகம்’ தலைப்பில் முழுசாகப் போட்டால் வருடத்தில் கால் பங்கை அதுவே சாப்பிடும். பாகத்துக்குத் தனித்தனிப் பெயர் இருப்பதால் ‘புது வெள்ளம்’ மட்டும் ஒரு புத்தகம் என்று வாதாடலாம்தான். கதை எங்கேயும் முடியாமல் அந்தரத்தில் நிற்கும், நீங்களும் நிற்கமாட்டீர்கள். சவாலை மறந்துவிட்டு ‘சுழற்காற்று’க்குப் போய்விடுவீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெரிய புத்தகத்துக்கு ‘என் சரித்திரம்’ எடுப்பேன். அத்தியாயங்கள் சின்னவை, வாரத் தொடருக்கு எழுதியவை. எங்கே விட்டாலும் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். தந்தையின் சங்கீதம், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது, ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தது என்று இசை, குரு–சீடர், பயணம் எல்லாத் தலைப்புக்கும் கை நீட்டும் நூல் அது. எங்காவது சங்கிலி அறுந்தால் அதை வைத்து ஒட்டலாம். முழுத்தொகுப்பு நூல்களில் இருக்கும் குறுநாவலை, அது முன்பு தனி நூலாக வந்திருந்தால், தனிப் புத்தகமாகவே எண்ணுவேன். இதெல்லாம் என் தீர்ப்பு மட்டுமே.

புத்தகமே இல்லை என்று நீங்கள் சொன்ன தலைப்புகளில் படக்கதையும் நாடகமும் அறிவியலும் இருந்தன. பரணைப் பார்த்தீர்களா? நிஜமாகவே கேட்கிறேன். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. எண்பதுகளில் பையன்கள் வளர்ந்த வீட்டில், கயிற்றால் கட்டிய ஒரு கட்டு பழைய காமிக்ஸ் எங்காவது இருக்க வாய்ப்புண்டு. நாடகத்துக்கு, வீட்டில் யாராவது தமிழ் இலக்கியம் படித்திருந்தால் 1891-ல் வந்த ‘மனோன்மணீயம்’ பாடப்புத்தகமாக ஒளிந்திருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அப்பால் யாரும் புரட்டியிருக்கமாட்டார்கள், பாவம். அறிவியலுக்குச் சோவியத் புத்தகங்களைத் தேடுங்கள். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தவை. கெட்டி அட்டை, தையல் பைண்டிங், இன்றும் ஒரு தாள் கழன்றிருக்காது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. மீர், முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்ற பெயர்கள் முதுகிலோ உள்பக்கத்திலோ இருக்கும். அப்பா, தாத்தா தலைமுறையில் யாராவது தொழிற்சங்கத்திலோ ஆசிரியர் வேலையிலோ இருந்திருந்தால் தேடிப் பார்க்காமல் விடாதீர்கள்.

அப்படியும் இல்லையென்றால், நீங்கள் கொடுத்த வாக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ‘புதிதாக வாங்கமாட்டேன்’ என்பது ஒன்று, ‘வீட்டில் இருப்பதை மட்டும் படிப்பேன்’ என்பது இன்னொன்று. முதலாவதுதான் உங்கள் வாக்கு என்றால் வழி நிறைய இருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்கு 1998-லிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளம், இலங்கை எழுத்துகளுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம், பழைய அச்சு நூல்களின் படிமங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம், எல்லாமே இலவசம். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் பெரிய தொகை ஆகாது; நாடகப் பிரிவு அலமாரி அங்கே எப்போதும் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் யாரும் எடுப்பதில்லை. இரண்டாவதுதான் வாக்கு என்றால் அந்தத் தலைப்பைக் காலியாக விட்டுவிடுங்கள். 24-க்கு 23 என்று எழுதிக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. பொருந்தாத புத்தகத்தை இழுத்துப் பிடித்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. ‘கரிப்பு மணிகள்’ நாவலில் உப்பு வருகிறது, எனவே ‘உணவு’ தலைப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் அது. ‘உழைப்பாளர் வாழ்க்கை’ என்ற உங்கள் தலைப்புக்கு அதைவிட ஏற்றது உங்கள் அலமாரியில் இல்லை.

எந்த வரிசையில் படிப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாற்று இல்லாத புத்தகங்களை வருடத்தின் முதல் பாதியிலேயே படித்துவிடுங்கள். நிறத்துக்கு அம்பை, நகரத்துக்கு அசோகமித்திரன், இந்த மாதிரி. அவற்றில் ஒன்று பிடிக்காமல் மூடி வைத்தால், மறுபடி சங்கிலி போட அவகாசம் இருக்கும். ஏராளமான மாற்றுகள் உள்ள தலைப்புகள் நவம்பர்வரை காத்திருக்கட்டும். பிடிக்காத புத்தகத்தை எப்போது மூடலாம் என்பதற்கு சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொன்னார். ஐம்பது வயதுவரை ஐம்பது பக்கம் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் நூறிலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் எத்தனை வருகிறதோ அத்தனை பக்கம். என் வயதுக்கு இந்தக் கணக்கு மிகவும் தாராளமாக இருக்கிறது. தமிழ் நாவல்களுக்கு ஐம்பது பக்கம் கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன். வட்டார வழக்கில் எழுதியவை காதுக்குப் பழகவே அவ்வளவு ஆகும். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் திருவிதாங்கூர்ப் பக்கத்துப் பேச்சு தெரியாதவர் ஐம்பதாவது பக்கத்தில் மூடிவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

வேகத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சராசரி 250 பக்கம் என்று வைத்தால் 24 புத்தகம் 6,000 பக்கம். நாளைக்கு 17 பக்கம் படித்தால் போதும். கல்யாணம், காய்ச்சல், மார்ச் மாத அலுவலகக் கணக்கு எல்லாம் போக, படிக்கிற நாளில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தலைப்பு வைத்துப் படிப்பதால் வாசிப்பு ஆழமாகுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: எதை எடுப்பது என்று தெரியாமல் அலமாரி முன்னால் நின்று, வெறுங்கையோடு திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்தால் கை நீளுகிறது. ஒரே எழுத்தாளரில் மூழ்கிக் கிடப்பவர்களுக்கோ இது இடைஞ்சல். நீங்கள் எந்த ரகம் என்பது நாலைந்து புத்தகத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதியது பத்துப் பன்னிரண்டு தலைப்பும் அதே அளவு புத்தகமும்தான். ஞாயிறு வேலையை முடித்துவிட்டு முழுப் பட்டியலையும் 24 தலைப்பையும் இங்கேயே போடுங்கள், நானும் உட்கார்ந்து சங்கிலி போட்டுப் பார்க்கிறேன். சிறார் நூல்கள், புதிய தலைமுறைக் கவிதைத் தொகுப்புகள் இரண்டிலும் எனக்கு அறிமுகம் குறைவு. அந்தத் தலைப்புகளுக்கு இங்கே இருக்கும் மற்றவர்கள் யாராவது சொல்லட்டும்.